கட்சிக்காரர் யார்?

தமிழில் ‘கட்சிக்காரர்’ என்ற வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் உண்டு. கோர்ட் வராந்தாவில் சொன்னால், வக்கீலுக்கு பீஸ் கொடுத்துவிட்டு வாய்தா தேதி கேட்டுக் காத்திருப்பவர். டீக்கடையில் சொன்னால், கரை வேட்டி கட்டிக்கொண்டு கொடி பறக்கும் காரில் வந்து இறங்குபவர். இந்த இரண்டு பேரையும் ஒரே வார்த்தைக்குள் அடைத்த புண்ணியவான் யாரோ தெரியாது. ஆனால் அமெரிக்காவில் இருக்கும் ஒரு பதவியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வார்த்தைதான் ஞாபகத்துக்கு வருகிறது. அட்டார்னி ஜெனரல்.

அவர் வக்கீல், சரி. அவருடைய கட்சிக்காரர் யார்? ஜனாதிபதியா, ஜனங்களா? அமெரிக்காவில் 1789-லிருந்து இந்தக் கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னும் வாய்தாவில்தான் இருக்கிறது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நம் ஊர் அட்டார்னி ஜெனரலை மனசில் வைத்துக்கொண்டு அமெரிக்கச் செய்திகளைப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். நமது அரசியல் சட்டத்தின் 76-வது பிரிவின்படி நியமிக்கப்படும் அட்டார்னி ஜெனரல், மத்திய அரசின் தலைமை வக்கீல். கறுப்பு கவுன் போட்டுக்கொண்டு சுப்ரீம் கோர்ட்டில் எழுந்து நின்று வாதாடுவது, கேட்டால் சட்ட ஆலோசனை சொல்வது, இதுதான் வேலை. ஸ்ரீரங்கத்தில் பிறந்த கே.பராசரன் 1983 முதல் 1989 வரை அந்த நாற்காலியில் இருந்தார். பெரிய சட்ட மேதை. ஆனால் அவர் மந்திரி கிடையாது. சி.பி.ஐ. அவருக்கு சல்யூட் அடிக்காது. யாரையும் கைது செய்யச் சொல்லி அவர் உத்தரவு போட முடியாது.

அமெரிக்க அட்டார்னி ஜெனரல் வேறு ஜாதகம். அவர் கேபினெட் மந்திரி. நீதித் துறை என்கிற, லட்சம் பேருக்கு மேல் வேலை பார்க்கும் ஒரு பிரம்மாண்டமான இலாகாவின் தலைவர். எஃப்.பி.ஐ. அவருக்குக் கீழே. போதைப் பொருள் தடுப்புப் பிரிவு அவருக்குக் கீழே. மத்திய சிறைச்சாலைகள் அவருக்குக் கீழே. நாடு முழுக்க மாவட்டம் மாவட்டமாக உட்கார்ந்திருக்கும் 93 மத்திய அரசு வக்கீல்கள் அவருக்குக் கீழே. ஆனால் சுப்ரீம் கோர்ட்டில் வாதாடுவதற்கு மட்டும் சொலிசிடர் ஜெனரல் என்று தனியாக ஒருவர் இருக்கிறார். நம்மவர் கோர்ட் படி ஏறுவதே அபூர்வம்!

அவருடைய நிஜமான பலம் வாதாடுவதில் இல்லை. யார் மேல் கேஸ் போடுவது, யாரை விட்டுவிடுவது என்று தீர்மானிப்பதில் இருக்கிறது. ஒரு மனுஷனின் வாழ்க்கையை ஒரே கையெழுத்தில் கவிழ்க்கிற அதிகாரம் அது. கேஸ் கடைசியில் தோற்றாலும் பரவாயில்லை. அதற்குள் எதிராளியின் வீடு, சேமிப்பு, தூக்கம் எல்லாம் வக்கீல் பீஸில் கரைந்திருக்கும்.

இத்தனை பெரிய பதவி ஆரம்பத்தில் எப்படி இருந்தது தெரியுமா? 1789-ல் நீதிமன்றங்களை அமைக்கப் போட்ட சட்டத்தின் கடைசியில், ஒட்டுத் துணி மாதிரி ஒரு வாசகம். சட்டம் படித்த தகுதியான ஒருவரை வைத்துக்கொள்ளலாம், அவர் சுப்ரீம் கோர்ட்டில் அரசு வழக்குகளை நடத்துவார், ஜனாதிபதியோ இலாகாத் தலைவர்களோ கேட்டால் அபிப்பிராயம் சொல்வார். அவ்வளவுதான். அரசியல் சட்டத்தில் இந்தப் பதவியின் பெயரே கிடையாது.

முதல் அட்டார்னி ஜெனரல் எட்மண்ட் ராண்டால்ஃப். வருஷச் சம்பளம் 1,500 டாலர். அதே சமயம் வெளியுறவு மந்திரிக்கு 3,500 டாலர். ஆபீஸ் கிடையாது, குமாஸ்தா கிடையாது. பாவம், மிச்ச நேரத்தில் தனியார் கேஸ்களைப் பிடித்து சம்பாதித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். பார்ட் டைம் வேலை!

உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு 1870-ல்தான் நீதித் துறை என்று தனி இலாகா வந்தது. அதன் முதல் பெரிய வேலை என்ன என்பதை அமெரிக்கர்களே அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். தெற்கு மாநிலங்களில் விடுதலை பெற்ற கறுப்பின மக்களை அடித்தும் கொன்றும் வந்த கூ க்ளக்ஸ் க்ளான் கும்பலைக் கோர்ட்டுக்கு இழுத்தது. அப்போது அட்டார்னி ஜெனரலாக இருந்த ஏமாஸ் ஏக்கர்மேன், போரில் தெற்குப் படையில் இருந்தவர். அந்த மனுஷர் தன் பழைய பக்கத்து ஆட்களையே கூண்டில் ஏற்றினார். 1871 டிசம்பரில் ஜனாதிபதி கிராண்ட் கேட்டுக்கொண்டதால் ராஜினாமா செய்தார். இந்தக் கதையில் இனி அடிக்கடி வரப்போகும் வார்த்தை இந்த ‘ராஜினாமா’தான்.

காரணம் எளிமையானது. அட்டார்னி ஜெனரலை நியமிப்பவர் ஜனாதிபதி. செனட் சபை ஒப்புதல் தரவேண்டும். ஆனால் வீட்டுக்கு அனுப்ப யார் ஒப்புதலும் தேவையில்லை. காலையில் ஒரு போன், மத்தியானம் பெட்டி கட்டிவிடலாம். இப்படிப்பட்ட ஆள், தன்னை வேலைக்கு வைத்தவரையே விசாரிக்க வேண்டி வந்தால் என்ன செய்வார்?

ஜனாதிபதிகள் இதைப் புரிந்துகொண்டு, நம்பகமான ஆளாகப் பார்த்துத்தான் போடுவார்கள். கென்னடி 1961-ல் சொந்தத் தம்பி ராபர்ட்டையே போட்டார். தம்பி திறமைசாலிதான். ஆனாலும் பிறகு 1967-ல், சொந்தக்காரர்களை அரசுப் பதவியில் நியமிக்கக் கூடாது என்று சட்டமே கொண்டு வந்தார்கள். நிக்ஸன் தன் தேர்தல் பிரசாரத்தை நடத்திய ஜான் மிட்செலைப் போட்டார். சட்டம் ஒழுங்கு என்று முழங்கி வந்த அந்த மிட்செல், வாட்டர்கேட் விவகாரத்தில் தண்டனை பெற்று 19 மாதம் ஜெயிலில் இருந்தார். நாட்டின் முன்னாள் தலைமை வக்கீல் கம்பி எண்ணினார்.

அந்த வாட்டர்கேட் சமயத்தில் நடந்த ஒரு சனிக்கிழமையை நான் பல புத்தகங்களில் படித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் முடிவு தெரிந்தே படிக்கிறேன், ஒவ்வொரு தடவையும் நெஞ்சு படபடக்கிறது. 1973 அக்டோபர் 20.

எதிர்க்கட்சி அலுவலகத்தில் நடந்த ஒட்டுக்கேட்பு முயற்சியை விசாரிக்க ஆர்ச்சிபால்ட் காக்ஸ் என்ற ஹார்வர்ட் பேராசிரியரை சிறப்பு வழக்கறிஞராக நியமித்திருந்தார்கள். நிக்ஸன் தன் அறையில் பேச்சுகளை ரகசியமாக டேப்பில் பதிவு செய்கிறார் என்று வெளியே தெரிந்துவிட்டது. காக்ஸ் அந்த டேப்புகளைக் கேட்டார். நிக்ஸன் தரமாட்டேன் என்றார். காக்ஸ் விடுவதாக இல்லை.

அன்றைக்கு அட்டார்னி ஜெனரலாக இருந்தவர் எலியட் ரிச்சர்ட்ஸன். காக்ஸைத் தூக்கு என்று அவருக்கு உத்தரவு வந்தது. ரிச்சர்ட்ஸனுக்குச் சங்கடம். சிறப்பு வழக்கறிஞரின் சுதந்திரத்தில் கை வைக்கமாட்டேன் என்று நாலைந்து மாசம் முன்னால்தான் செனட்டில் வாக்குக் கொடுத்திருந்தார். முடியாது என்று ராஜினாமா செய்தார். அடுத்த நிலையில் இருந்தவர் வில்லியம் ரக்கல்ஷாஸ். அவருக்கும் அதே உத்தரவு. அவரும் முடியாது என்று போய்விட்டார். மூன்றாவது ஆள், சொலிசிடர் ஜெனரல் ராபர்ட் போர்க். தற்காலிக அட்டார்னி ஜெனரல் என்ற ஹோதாவில் அவர் கையெழுத்துப் போட்டார். காக்ஸ் வேலை போயிற்று.

கணக்குப் பார்த்தால் அன்று ஜெயித்தது நிக்ஸன்தான். கேட்டது நடந்துவிட்டது. ஆனால் அந்த இரண்டு ராஜினாமாக்கள் நாட்டை உலுக்கிவிட்டன. தந்திகள் மலை மாதிரி வந்து குவிந்தன. இன்னொரு சிறப்பு வழக்கறிஞரை நியமித்தே ஆகவேண்டிய கட்டாயம். அடுத்த ஜூலையில் டேப்புகளைக் கொடு என்று சுப்ரீம் கோர்ட் 8-0 என்று தீர்ப்புச் சொன்னது. 1974 ஆகஸ்ட் 9-ல் நிக்ஸனே பெட்டி கட்டினார்.

ஒன்றை கவனியுங்கள். ரிச்சர்ட்ஸன் எந்த அதிகாரத்தையும் பயன்படுத்தவில்லை. யாரையும் கைது செய்யவில்லை, வழக்குப் போடவில்லை. நாற்காலியை விட்டு எழுந்தார், அவ்வளவுதான். லட்சம் பேருக்குத் தலைவராக இருப்பவரின் கடைசி ஆயுதம் ஒரு ராஜினாமாக் கடிதம்.

நிக்ஸனுக்கு அடுத்து வந்த ஃபோர்டு, இந்த அழுக்கைத் துடைக்க சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைவர் எட்வர்ட் லெவியை 1975-ல் அட்டார்னி ஜெனரல் ஆக்கினார். அரசியல்வாதி இல்லை, வாத்தியார். எஃப்.பி.ஐ. எதை விசாரிக்கலாம், எதில் தலையிடக் கூடாது என்று அவர் விதிமுறைகள் எழுதி வைத்தார். குறிப்பிட்ட ஒரு ஆள் மேல் கேஸ் போடு, போடாதே என்று வெள்ளை மாளிகையிலிருந்து நீதித் துறைக்கு போன் வரக் கூடாது என்கிற பழக்கமும் வாட்டர்கேட்டுக்குப் பிறகு வேரூன்றியது. பழக்கம் என்றுதான் சொன்னேன், சட்டம் என்று சொல்லவில்லை. இந்த வித்தியாசம் பின்னால் வேலையைக் காட்டும்.

இந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் உறைத்திருந்தது என்பதற்கு 2004-ல் நடந்த ஓர் ஆஸ்பத்திரிக் காட்சி. ஜார்ஜ் புஷ்ஷின் அட்டார்னி ஜெனரல் ஜான் ஆஷ்க்ராஃப்ட். பக்தர், பழமைவாதி, புஷ்ஷின் விசுவாசி. கோர்ட் அனுமதி இல்லாமல் ஒட்டுக்கேட்கும் ஒரு ரகசியத் திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அது தொடர சில வாரங்களுக்கு ஒருமுறை அட்டார்னி ஜெனரல் கையெழுத்துப் போடவேண்டும். இதன் ஒரு பகுதி சட்டப்படி செல்லாது என்று அவர் இலாகா அதிகாரிகளே சொல்லிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து ஆஷ்க்ராஃப்டுக்குக் கடுமையான வயிற்று நோய். பித்தப்பையை எடுத்துவிட்டு தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருந்தார். பொறுப்பு, துணை அட்டார்னி ஜெனரல் ஜேம்ஸ் கோமியிடம்.

மார்ச் 10 ராத்திரி. வெள்ளை மாளிகையின் சட்ட ஆலோசகர் ஆல்பெர்ட்டோ கன்ஸாலஸும் தலைமை அதிகாரி ஆண்ட்ரூ கார்டும் கையில் கவருடன் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். விஷயம் தெரிந்து கோமி சைரன் அலற காரில் பறந்து, படியேறி ஓடி, முந்திக்கொண்டு கட்டில் பக்கத்தில் நிற்கிறார். ஆஷ்க்ராஃப்ட் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, கையெழுத்துப் போடமுடியாத காரணங்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, போதாக்குறைக்கு நான் இப்போது அட்டார்னி ஜெனரலே இல்லை, இதோ நிற்கிறாரே இவர்தான் என்று கோமியைக் காட்டினாராம். வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். கோமியும் எஃப்.பி.ஐ. தலைவர் முல்லரும் ராஜினாமாவுக்குத் தயாராக, புஷ் இறங்கி வந்தார், திட்டத்தை மாற்ற ஒப்புக்கொண்டார். இதெல்லாம் 2007-ல் கோமி செனட்டில் சாட்சி சொன்னபோதுதான் ஊருக்குத் தெரிந்தது. இதில் வேடிக்கை, கவரோடு வந்த கன்ஸாலஸ்தான் 2005-ல் அடுத்த அட்டார்னி ஜெனரல். ஆஷ்க்ராஃப்டின் அரசியல் எனக்கு ஒத்து வராது. ஆனால் அந்த ராத்திரி படுக்கையில் இருந்த மனுஷருக்குத் தன் கட்சிக்காரர் யார் என்று தெரிந்திருந்தது.

சரி, இதுவரை சொன்னது வாஷிங்டனில் இருக்கும் ஒரே ஒரு அட்டார்னி ஜெனரலைப் பற்றி. அமெரிக்காவில் இதே பட்டத்தோடு இன்னும் 50 பேர் இருக்கிறார்கள். மாநிலத்துக்கு ஒருவர். இவர்கள் வாஷிங்டன்காரருக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள் அல்ல. அவருக்கும் இவர்களுக்கும் சம்பந்தமே கிடையாது. முக்கியமான வித்தியாசம், 43 மாநிலங்களில் இவர்களை ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். மெய்ன் மாநிலத்தில் சட்டமன்றம் தேர்ந்தெடுக்கிறது. டென்னஸியில் மாநில சுப்ரீம் கோர்ட் நியமிக்கிறது. மீதி ஐந்தில்தான் கவர்னர் நியமனம். (அங்கே கவர்னர் என்றால் நம் முதலமைச்சர் மாதிரி.) ஓட்டு வாங்கி வந்த அட்டார்னி ஜெனரலை கவர்னர் டிஸ்மிஸ் செய்ய முடியாது.

இதனால் என்ன நடக்கும் என்பதற்கு மிஸிஸிப்பி நல்ல உதாரணம். ஏழை மாநிலம். அதன் அட்டார்னி ஜெனரல் மைக் மூர் 1994-ல் சிகரெட் கம்பெனிகள் மேல் வழக்குப் போட்டார். அதுவரை புகைபிடித்து நோய் வந்தவர்கள் போட்ட கேஸ்கள் எல்லாம் வரிசையாகத் தோற்றுக்கொண்டிருந்தன. பிடித்தது நீ, பெட்டியிலேயே எச்சரிக்கை இருக்கிறதே என்று கம்பெனி வக்கீல்கள் கேட்பார்கள், ஜூரி தலையாட்டும். மூர் வேறு பக்கமிருந்து வந்தார். சிகரெட் பிடித்தது நோயாளி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஏழையின் ஆஸ்பத்திரி பில்லைக் கட்டியது மாநில அரசு. அரசு ஒருநாளும் சிகரெட் பிடித்ததில்லையே! எங்கள் செலவைத் திருப்பிக் கொடு.

இப்போது பாருங்கள் கூத்தை. மாநில கவர்னர் கர்க் ஃபோர்டைஸ், இந்த வழக்கை நிறுத்தச் சொல்லித் தன் மாநில அட்டார்னி ஜெனரல் மேலேயே 1996-ல் கோர்ட்டுக்குப் போனார். மருத்துவ உதவித் திட்டம் என் நிர்வாகத்தில் இருக்கிறது, நான் சொல்லாமல் நீ எப்படிக் கேஸ் போடலாம் என்பது அவர் கட்சி. மாநில சுப்ரீம் கோர்ட் 1997-ல், மூரின் வழக்கை நிறுத்த மறுத்துவிட்டது. வாஷிங்டனாக இருந்தால் ஒரு போனில் முடிந்திருக்கும் விஷயம்.

ஒன்றன் பின் ஒன்றாக மற்ற மாநிலங்களும் வந்து சேர்ந்தன. மிஸிஸிப்பி உட்பட நாலு மாநிலங்கள் தனியாக சமரசம் செய்துகொண்டன. பாக்கி 46 மாநிலங்களோடு 1998 நவம்பரில் சிகரெட் கம்பெனிகள் போட்ட ஒப்பந்தத்தின் மதிப்பு, 25 வருஷத்தில் 20,600 கோடி டாலர். பணம் மட்டுமில்லை. கார்ட்டூன் போட்டு விளம்பரம் கூடாது. சாலையோர விளம்பரப் பலகை கூடாது. இவற்றை எல்லாம் வாஷிங்டனின் பாராளுமன்றம் செய்யவில்லை. ஓட்டு வாங்கி வந்த சில மாநில வக்கீல்கள் செய்தார்கள்.

நன்றாகத்தானே இருக்கிறது, எல்லாரையும் ஓட்டுப் போட்டே தேர்ந்தெடுத்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அவசரப்படாதீர்கள். அந்த சிகரெட் பணத்தில் பெரும்பகுதியை மாநிலங்கள் புகைப் பழக்கத்தைத் தடுக்கச் செலவழிக்கவில்லை. பட்ஜெட் ஓட்டைகளை அடைத்துக்கொண்டன. டெக்ஸாஸில் அதே வழக்கை நடத்திய அட்டார்னி ஜெனரல் டான் மொராலஸ், அந்த வக்கீல் பீஸில் நண்பருக்குப் பங்கு ஒதுக்கச் செய்த தில்லுமுல்லுக்காக 2003-ல் நாலு வருஷ ஜெயில் தண்டனை பெற்றார்.

இன்னொரு சிக்கல் நம் மன்னார்குடிப் பக்கத்துக்குச் சம்பந்தப்பட்டது. துளசேந்திரபுரம் என்று சொன்னால் தெரியும். கமலா ஹாரிஸின் தாத்தா பி.வி.கோபாலனின் ஊர். பேத்தி 2011 முதல் 2017 வரை கலிஃபோர்னியாவின் அட்டார்னி ஜெனரல், தேர்தலில் ஜெயித்து வந்தவர். வீட்டுக் கடன் மோசடி விவகாரத்தில் பெரிய பாங்க்குகள் மாநிலங்களோடு பேசிக்கொண்டிருந்தபோது, இந்தத் தொகை போதாது என்று எழுந்து போனார். 2012-ல் 2,500 கோடி டாலர் தேசிய ஒப்பந்தம் வந்தபோது கலிஃபோர்னியாவுக்கு முன்பு பேசியதைவிடப் பல மடங்கு கிடைத்தது. நான் சொல்ல வந்த சிக்கல் இது இல்லை.

2008-ல் கலிஃபோர்னியா மக்கள், திருமணம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டுமே என்று வாக்கெடுப்பில் ஒரு சட்டத் திருத்தம் நிறைவேற்றினார்கள். அதை எதிர்த்து வழக்கு. அரசுச் சட்டத்தைக் காப்பாற்றி வாதாடவேண்டியது அட்டார்னி ஜெனரலின் வேலை. முதலில் அந்தப் பதவியில் இருந்த ஜெர்ரி பிரவுன், வாதாடமாட்டேன் என்றார். அடுத்து வந்த கமலாவும் மாட்டேன் என்றார். திருத்தத்தைக் கொண்டு வந்தவர்களே வக்கீல் வைத்து சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். அப்பீல் செய்ய உங்களுக்குத் தகுதி இல்லை என்று 2013 ஜூன் 26-ல் கோர்ட் அனுப்பிவிட்டது. இரண்டு நாளில், வழக்குப் போட்ட ஒரு ஜோடிக்குக் கமலாவே கல்யாணம் நடத்தி வைத்தார்.

அந்த ஜோடிக்குக் கல்யாணம் நடந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ராத்திரி படுக்கும்போது ஒரு கேள்வி உறுத்துகிறது. பாதிக்கு மேற்பட்ட ஜனங்கள் ஓட்டுப் போட்ட சட்டத்துக்கு, ஜனங்களின் வக்கீலே வக்காலத்து வாங்க மறுக்கலாமா? மனசாட்சி என்றால் சரி. நாளைக்கு இன்னொருவர் வந்து, எனக்குப் பிடித்த ஒரு சட்டத்தை இதே மாதிரி அநாதையாக விட்டால்? அப்போதும் மனசாட்சி என்று கை தட்டுவேனா? மாட்டேன். இந்த அதிகாரத்தில் இருக்கும் முள் இது.

ஓட்டு இருக்கும் இடத்தில் அடுத்த பதவி ஆசையும் இருக்கும். ஏ.ஜி. என்றால் ‘ஆஸ்பைரிங் கவர்னர்’, கவர்னர் கனவில் இருப்பவர் என்று அங்கே ஒரு பழைய ஜோக் உண்டு. பில் கிளின்டன் ஆர்கன்ஸாஸில் அப்படித்தான் ஏறினார். டெக்ஸாஸ் அட்டார்னி ஜெனரலாக இருந்த கிரெக் ஆபட்டிடம் தினசரி வேலை என்ன என்று கேட்டால், ஆபீஸ் போவேன், ஒபாமா அரசு மேல் கேஸ் போடுவேன், வீட்டுக்கு வருவேன் என்பார். 2015-ல் கவர்னர் ஆகிவிட்டார். ஜனநாயகக் கட்சி ஜனாதிபதி வந்தால் குடியரசுக் கட்சி மாநிலங்கள் கேஸ் போடும். அந்தப் பக்கம் மாறினால் இந்தப் பக்கம். 2020 டிசம்பரில் டெக்ஸாஸ் அட்டார்னி ஜெனரல் கென் பாக்ஸ்டன், வேறு நாலு மாநிலங்களின் தேர்தல் முடிவை ரத்து செய் என்று சுப்ரீம் கோர்ட்டுக்கே போனார். அவர் கட்சியைச் சேர்ந்த இன்னும் 17 மாநில அட்டார்னி ஜெனரல்கள் ஆதரவு மனு போட்டார்கள். கோர்ட் நாலே நாளில் தூக்கி எறிந்தது. இங்கே ‘கட்சிக்காரர்’ என்பதற்கு டீக்கடை அர்த்தம் மட்டும்தான்.

நியமனம் ஒரு பக்கம், தேர்தல் ஒரு பக்கம். இந்த இரண்டு வகை அட்டார்னி ஜெனரல்களும் நேருக்கு நேர் மோதினால்? 2025-ல் அதுவும் நடந்தது.

லெட்டீஷா ஜேம்ஸ் 2018-ல் நியூயார்க் அட்டார்னி ஜெனரல் தேர்தலில் நின்றபோதே, டிரம்ப்பை விசாரிப்பேன் என்று சொல்லி ஓட்டுக் கேட்டவர். 2022-ல் சொத்து மதிப்பைக் கூட்டிக் காட்டியதாக டிரம்ப் மேல் சிவில் வழக்குப் போட்டார். 2024-ல் 35.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது. மோசடி என்ற முடிவை வைத்துக்கொண்டு, அபராதம் மட்டும் மிகை என்று 2025 ஆகஸ்டில் மேல் கோர்ட் ரத்து செய்தது.

அதற்குள் டிரம்ப் மறுபடி ஜனாதிபதி. 2025 பிப்ரவரியில் அவருடைய அட்டார்னி ஜெனரலாகப் பதவியேற்றவர் பாம் பாண்டி. வந்த சில நாட்களிலேயே, நியூயார்க் மேயர் மேல் இருந்த லஞ்ச வழக்கைக் கைவிடச் சொல்லி உத்தரவு. தற்காலிக அரசு வக்கீலாக இருந்த டேனியல் ஸசூன் மறுத்து ராஜினாமா செய்தார். பழமைவாதி, குடியரசுக் கட்சி வட்டாரத்து ஆள்தான். அவரைத் தொடர்ந்து இன்னும் சிலர் போனார்கள். செப்டம்பரில் டிரம்ப் பகிரங்கமாகவே பாண்டிக்குப் பெயர் சொல்லி எழுதினார். கோமி, ஜேம்ஸ் இவர்கள் மேல் நடவடிக்கை எங்கே, தாமதம் கூடாது என்று. ஆமாம், ஆஸ்பத்திரியில் ஓடிவந்து நின்ற அதே கோமி. அதற்கு முதல் நாள்தான் வர்ஜீனியாவில் அந்த விசாரணைகளைப் பார்த்து வந்த அரசு வக்கீல், நெருக்கடி தாங்காமல் பதவி விலகியிருந்தார். அவர் இடத்துக்கு வந்தவர் முன்பு டிரம்ப்பின் சொந்த வக்கீலாக இருந்தவர். அதுவரை ஒரு கிரிமினல் வழக்கும் அரசுத் தரப்பில் நடத்தாதவர். செப்டம்பர் 25-ல் கோமி மேல் குற்றச்சாட்டு. அக்டோபர் 9-ல் ஜேம்ஸ் மேல். நவம்பர் 24-ல் ஒரு நீதிபதி, இந்த வக்கீலின் நியமனமே செல்லாது என்று இரண்டு வழக்கையும் தள்ளுபடி செய்தார். ஜேம்ஸ் மேல் மறுபடி குற்றம் சாட்ட முயன்றபோது டிசம்பரில் இரண்டு தடவை கிராண்ட் ஜூரி மறுத்துவிட்டது. அந்த ஜூரியில் உட்காருகிறவர்கள் சாதாரண ஜனங்கள்.

‘பழக்கம்’ என்று சொன்னேனே, அதன் கதி இதுதான். ரகசியமாகக்கூட வரக் கூடாத போன், ஊர் பார்க்க வந்தது. சட்டமாக எழுதாத பழக்கம், மதிக்கிற ஆள் இருக்கிற வரைக்கும்தான் செல்லும்.

நியமனம் நல்லதா, தேர்தல் நல்லதா என்று கேட்டால், இவ்வளவு படித்த பிறகும் இதுதான் என்று அடித்துச் சொல்ல எனக்கு வரவில்லை. நியமிக்கப்பட்டவருக்கு ஒரு ஆளிடம் பயம். தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு ஓட்டின் மேல் ஆசை. மைக் மூர் தைரியமாக நின்றது கவர்னரால் அவரை நீக்க முடியாது என்பதால்தான். ரிச்சர்ட்ஸனும் ஸசூனும் நின்றது, போனால் போகட்டும் இந்த வேலை என்று நினைத்ததால். மற்றவர்களிடம் அதிகாரம் குறைவாக இருக்கவில்லை. நாற்காலி மேல் பிடிப்பு அதிகமாக இருந்தது.

வாஷிங்டனில் அட்டார்னி ஜெனரலின் அலுவலகத்தை ஒட்டிய சுவரில் ஒரு வாசகம் பொறித்திருக்கிறார்கள். தன் குடிமக்களுக்குக் கோர்ட்டில் நியாயம் கிடைக்கும்போதெல்லாம் அமெரிக்காவும் ஜெயிக்கிறது என்று அர்த்தம் வரும். கொஞ்சம் யோசித்தால் விசித்திரமான வாசகம். கேஸ் தோற்றாலும் கட்சிக்காரர் ஜெயிக்கலாம் என்று எந்த வக்கீலாவது போர்டு மாட்டுவாரா? மாட்டினால் அவரிடம் கேஸ் வருமா?

ஆனால் இந்த வக்கீலுக்கு மட்டும் அந்த போர்டுதான் சரி. தினமும் அதைத் தாண்டித்தான் அவர் தன் அறைக்குப் போகவேண்டும். சிலர் படித்துவிட்டுப் போகிறார்கள். சிலருக்கு அதற்குள் போன் வந்துவிடுகிறது.